ஆலைக்கு முன்னாடி கரும்பு, கரும்புக்கு முன்னாடி தண்ணி

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை சித்தப்பா வீட்டுக்கு வந்தாரு. நான் இருக்கிறது ராமமூர்த்தி நகர்ல, அவரு ஹொசகோட்டே பக்கம் ஜேசிபி, டிப்பர் வெச்சு மண்ணு வேலை காண்ட்ராக்ட் எடுக்கிறவரு, இருபத்தஞ்சு வருஷமா இந்த பெங்களூருல ஓடியாடி சம்பாதிச்ச மனுஷன். எப்ப வந்தாலும் பழம் பூ வாங்கிட்டு வருவாரு, இந்த வாட்டி கையில ஸ்பைரல் பைண்டிங் போட்ட தடியான ஒரு புக்கு. காபிய குடிச்சு முடிக்கிறதுக்குள்ள அத என் மடியில வெச்சுட்டு, "பாப்பா, நாங்க நாலு பேரு சேர்ந்து ஒரு சுகர் ஃபேக்டரி போடலாம்னு இருக்கோம், பாகல்கோட் பக்கம். நீ இந்த லைன்லதானே இருக்க, படிச்சுப் பாத்து நல்லா இருக்கா இல்லையான்னு சொல்லு"ன்னாரு.

ஆமா, இந்த லைன்லதான் இருக்கேன். பதினோரு வருஷமா சர்க்கரை ஆலைக்கும், கரும்புச் சக்கைய எரிச்சு கரண்ட் எடுக்கிற கோஜெனுக்கும் ப்ராசஸ் டிசைன் பண்ற வேலை. ஆனா அதுக்கும் முன்னாடி நான் கரும்பு போட்ட வீட்டுப் பொண்ணு, விழுப்புரம் பக்கம் எங்க ஊரு, மூணு ஏக்கர், ஒரு கெணறு. அதனால அந்த புக்க நான் ரெண்டு பேராவும் படிச்சேன்னுதான் சொல்லணும், இன்ஜினியரா ஒரு வாட்டி, அப்பாவோட பொண்ணா ஒரு வாட்டி.

மொத்தம் 140 பக்கம் இருந்துச்சு. அதுல மில்லு, பாய்லர், டர்பைன், எவாப்பரேட்டர், பான், சென்ட்ரிஃபியூகல்னு தொண்ணூறு பக்கத்துக்கும் மேல, படம் எல்லாம் போட்டு அழகா இருக்குது. கரும்பு எங்கேருந்து வரும்ங்கிறதுக்கு ரெண்டு பக்கம். தண்ணிக்கு அரைப் பக்கம். கரும்பு வெட்டுற ஆளுங்களுக்கு ஒரே ஒரு வரி. விவசாயிக்கு எப்ப காசு குடுப்போம்ங்கிறது எங்கயுமே இல்ல, நானும் ரெண்டு வாட்டி தேடிப் பாத்துட்டேன்.

நான் சித்தப்பாகிட்ட சொன்னேன், "சித்தப்பா, மெஷினெல்லாம் சரியாத்தான் போட்டிருக்காங்க, அதுல ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனா இது ஆலையோட புக்கு, கரும்போட புக்கு இல்ல. மெஷின காசு குடுத்து ஒன்றரை ரெண்டு வருஷத்துல கொண்டாந்து நிறுத்திடலாம். கரும்ப அப்படி வாங்க முடியாது, அத உண்டாக்கணும்." அவருக்கு கொஞ்சம் முகம் வாடிப் போச்சு. சரி வாங்கன்னு டைனிங் டேபிள்ல உக்காந்து அபார்ட்மெண்ட் மெயின்டெனன்ஸ் பில்லுக்குப் பின்னாடியே கணக்குப் போட ஆரம்பிச்சோம்.

அவங்க நெனச்சிருக்கிறது ஒரு நாளைக்கு 2500 டன் அரைக்கிற ஆலை. வருஷத்துக்கு 150 நாள் ஓடுச்சுன்னா 3,75,000 டன் கரும்பு வேணும். ஏக்கருக்கு 40 டன்னுன்னு எடுத்துக்கிட்டா 9,400 ஏக்கர் கிட்ட. அதுவும் வெட்டுற ஏக்கர் மட்டும்தான். வெதைக் கரும்புக்குன்னு விடுறது, வெல்லத்துக்குப் போறது, காஞ்சு போறது, பூச்சி தின்னது இதெல்லாம் போகன்னா பதினொண்ணு பன்னெண்டாயிரம் ஏக்கராவது பதிவுல இருக்கணும். "அவ்வளவுதானே பாப்பா, அந்த ஊர்ல நெலத்துக்கு என்ன பஞ்சம்"னாரு சித்தப்பா.

இங்கதான் ஒரு விஷயத்த நெறைய பேரு கவனிக்க மாட்டேங்கிறாங்க. கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைன்னு 1966ல போட்டது, அத 2006ல திருத்தி ரெண்டு ஆலைக்கு நடுவுல குறைஞ்சது 15 கிலோமீட்டர் தூரம் இருக்கணும்னு கொண்டு வந்தாங்க, மாநிலம் வேணும்னா கூட்டிக்கலாம், மகாராஷ்டிராவுல 25 ஆக்கி வெச்சிருக்காங்க. 15 கிலோமீட்டர்னு கேட்டா பெருசாத்தான் தெரியுது. ஆனா சுத்தி எல்லாப் பக்கமும் 15 கிலோமீட்டர்ல ஒரு ஆலை நின்னுச்சுன்னா உங்க பங்கு பாதி தூரம்தானே, ஏழரை கிலோமீட்டர். ஏழரை கிலோமீட்டருக்கு ஒரு வட்டம் போட்டா 177 சதுர கிலோமீட்டர், ஏக்கர்ல 43,600 சொச்சம். அதுல ஊரு, ஏரி, ரோடு, பாறை, கரிசல் மானாவாரி எல்லாம் அடங்குது. அந்த மொத்த மண்ணுல அஞ்சுல ஒரு பங்குக்கு மேல கரும்பா நிக்கணும், வருஷா வருஷம் நிக்கணும், அப்பதான் உங்க ரோலர் சுத்தும். இல்லன்னா நாப்பது அம்பது கிலோமீட்டர் தள்ளிப் போய் அடுத்த ஆலைக்காரன் கரும்ப கூடக் காசு குடுத்து இழுக்கணும், அவனும் உங்க கரும்ப இழுப்பான், லாரி வாடகை ஏறிக்கிட்டே போகும், வட கர்நாடகாவுல அந்த வெட்டுக் கூலி, வண்டி வாடகை எல்லாத்தையும் விவசாயி பில்லுலதான் கழிப்பாங்க.

சித்தப்பா வட்டத்தையே பாத்துக்கிட்டு இருந்தாரு. மண்ணு வேலை பாத்தவரு, ஏக்கர் கணக்கு அவருக்கு நல்லாப் புரியும்.

அப்புறம் தண்ணி. கரும்புக்கு ஒரு பயிருக்கு 1500லேருந்து 2500 மில்லிமீட்டர் தண்ணி வேணும், மழையும் சேத்துதான். நடுவுல 2000ன்னு வெச்சுக்கிட்டா ஒரு ஏக்கருக்கு 80 லட்சம் லிட்டர். 9,400 ஏக்கருக்குப் போட்டுப் பாத்தா 2.7 டிஎம்சி கிட்ட வருது. கேஆர்எஸ் அணை ரொம்பி வழிஞ்சாலே 49 டிஎம்சி சொச்சம்தான், அதுல 2.7ங்கிறது ஒரே ஒரு சின்ன ஆலையோட கரும்புக்கு. இன்னும் சின்னதா சொல்லணும்னா, காபில போடுறோமே அஞ்சு கிராம் சர்க்கரை, அதுக்குப் பின்னாடி பத்து லிட்டர் தண்ணி நிக்குது. 2024 கோடையில இதே பெங்களூருல டேங்கர் எப்ப வரும்னு பக்கெட்ட வெச்சுக்கிட்டு லிஃப்ட் பக்கத்துல நின்னவங்களுக்கு இத வெளக்க வேண்டியதில்ல. சொட்டுநீர் போட்டா தண்ணி நல்லாவே மிச்சமாகும், நான் அதுக்கு முழு ஆதரவு, ஆனா அந்த புக்குல சொட்டுநீருக்கு ஒரு ரூபா கூட ஒதுக்கல.

பாகல்கோட் மழை கம்மியான சீமை, ஆனா கிருஷ்ணா, கடபிரபா, மலபிரபான்னு மூணு ஆறு இருக்கு, ஆலமட்டி அணைத் தண்ணி இருக்கு, அதனாலதான் ஏற்கனவே அங்க ஆலைங்க நெறைய. ஆத்தோரம் பச்சையா இருக்கும், பத்து கிலோமீட்டர் உள்ள போனா போர்வெல்தான். சித்தப்பா பாத்து வெச்சிருக்கிற எடம் அந்த உள் பக்கம். விலை சல்லிசுன்னு சொன்னாரு. நெலம் அங்க ஏன் சல்லிசுன்னு நான் கேட்டப்போ பதில் சொல்லல.

பேசிட்டே இருந்தா ஆகாது, வாங்க நேர்ல பாப்போம்னு அடுத்த சனிக்கிழமை ரெண்டு பேரும் மண்டியா கெளம்புனோம். காலையில ஆறு மணிக்கு கார எடுத்தா எக்ஸ்பிரஸ்வேல சீக்கிரம் போயிடலாம், ஆனா மத்தூர்ல வடை சாப்பிடாம சித்தப்பாவால தாண்ட முடியாது, அதனால பழைய ரோட்டுல எறங்கிப் போனோம்.

மண்டியாவ ஏன் காட்டணும்னு நெனச்சேன்னா, ஒரு சர்க்கரை ஆலைய எந்த வரிசையில கட்டணும்ங்கிறதுக்கு அத விட நல்ல பாடம் இந்தப் பக்கம் கெடையாது. முன்னாடி அது ராகி வெளையுற வறண்ட பூமி. 1911ல கேஆர்எஸ் அணை வேலை ஆரம்பிச்சு இருபது வருஷம் கட்டுறாங்க. அதுலேருந்து கால்வாய் வெட்டுறாங்க, அப்ப அதுக்கு இர்வின் கால்வாய்னு பேரு, இப்ப விஸ்வேஸ்வரய்யா கால்வாய். தண்ணி வருது, கரும்பு வருது, அதுக்கப்புறம்தான் 1933ல மைசூர் சர்க்கரைக் கம்பெனி ஆரம்பிச்சு ஆலை ஓடுது. மிர்சா இஸ்மாயில் திவானா இருந்த காலம். லெஸ்லி கோல்மன்னு கனடாவுலேருந்து வந்த ஒரு பூச்சியியல் ஆளு, மைசூர் சமஸ்தானத்துல வேளாண் துறைய பாத்துக்கிட்டவரு, அவரு இதுக்குப் பின்னாடி நின்னு உழைச்சாரு. அணை, கால்வாய், கரும்பு, ஆலை. இந்த வரிசைய கார்லயே மூணு வாட்டி சொன்னேன், நாலாவது வாட்டி சித்தப்பாவே சொன்னாரு.

ஊருக்கு வெளிய ஒரு கால்வாய்க் கரையோரம் வண்டிய நிறுத்திட்டு ஒரு விவசாயிகிட்ட கேட்டுக்கிட்டு வயலுக்குள்ள எறங்கினோம். என் பையில எப்பவும் ஒரு ஹேண்ட் ரிஃப்ராக்டோமீட்டர் கெடக்கும், பேனா மாதிரி கொஞ்சம் தடியா இருக்கும், ஒரு பக்கம் கண்ணாடி, ஒரு பக்கம் கண்ணு வெச்சுப் பாக்கிறது. கரும்ப கீழ்க் கணுல ஒரு கீறு கீறி ஒரு சொட்டு சாற கண்ணாடியில விட்டு மூடிய மூடி வெளிச்சத்தப் பாத்துப் புடிச்சா உள்ள மேல நீலமும் கீழ வெள்ளையும் தெரியும், ரெண்டும் சேர்ற கோடு எந்த நம்பர்ல நிக்குதோ அதுதான் பிரிக்ஸ், சாறுல எவ்வளவு இனிப்பு கரைஞ்சிருக்குங்கிற அளவு. சித்தப்பாகிட்ட குடுத்துப் பாக்கச் சொன்னேன். "இருவது"ன்னாரு. அதே கரும்புல மேல் கணுல ஒரு சொட்டு எடுத்து வெச்சேன். "பதினாலு". "சரி, இப்ப இந்தக் கரும்பு வெட்டுக்கு வந்துடுச்சா சித்தப்பா?"ன்னு கேட்டேன். அவரு ரெண்டு கணுவையும் மாத்தி மாத்தி நக்கிப் பாத்துட்டு, "அடி இனிக்குது, தலை இன்னும் சப்புன்னு இருக்குது, வரல"ன்னாரு. அதேதான். அடியும் தலையும் கிட்டத்தட்ட ஒரே நம்பருக்கு வரணும், அப்பதான் அந்தக் கரும்பு பழுத்திருக்கு. அதுக்கு முன்னாடி வெட்டுனா சர்க்கரை கெடைக்காது, அதுக்கப்புறம் போட்டு வெச்சாலும் கெடைக்காது, வெட்டுன கரும்ப ஒரு நாளுக்குள்ள அரைக்கணும், இல்லன்னா எடையும் போகும் உள்ள இருக்கிற சர்க்கரையும் ஒடஞ்சு வேற சர்க்கரையா மாறிடும், அது பாகு காய்ச்சுற பான்ல கட்டியா வராது, மொலாசஸ்னு சொல்ற கழிவுப் பாகுலதான் போகும்.

இதத்தான் நான் அவருக்கு காட்டணும்னு இருந்தேன். 9,400 ஏக்கரும் ஒரே நாள்ல பழுத்தா ஒண்ணும் பிரயோஜனம் இல்ல, ஆலை ஒரு நாளைக்கு அறுபது ஏக்கர் சொச்சம்தான் தின்னும். அதனால நடவையே பிரிச்சுப் போடணும். எங்க ஊர்ல முன்பட்டம், நடுப்பட்டம், பின்பட்டம்னு டிசம்பர்லேருந்து மே வரைக்கும் பிரிச்சு நடுவாங்க, சீக்கிரம் பழுக்கிற ரகம் கொஞ்சம், நடுத்தரம் கொஞ்சம், கூட வெட்டுன கட்டையிலேருந்து திரும்பத் தழைக்கிற மறுதாம்பும் சேத்து, எந்த வாரம் எந்த ஊரு வெட்டுன்னு ஒரு வருஷம் முன்னாடியே பதிவு நோட்டுல இருக்கணும். அந்த நோட்ட எழுதுற பீல்டுமேன்தான் நெஜமாவே ஆலைய ஓட்டுறவரு.

அந்த விவசாயி என்ன ரகம்னு கேட்டதுக்கு "கோ அறுவத்தெரடு நூறெப்பத்தைது"ன்னாரு, கோ 62175, மண்டியாவுல பழைய ரகம். பக்கத்து வயல் விசிஎஃப் 0517, அங்கயே விசி ஃபார்ம்ங்கிற ஆராய்ச்சிப் பண்ணையில உண்டாக்குனது. எனக்கு அந்த "கோ"ன்னு கன்னடக்காரர் வாயில கேக்கும்போது எப்பவுமே உள்ளுக்குள்ள ஒரு சந்தோஷம். அது கோயம்புத்தூர். 1912ல அங்க கரும்பு இனப்பெருக்கு நிலையம் ஆரம்பிச்சு, பார்பர், டி.எஸ். வெங்கட்ராமன்னு ரெண்டு விஞ்ஞானிங்க தோட்டத்துக் கரும்போட நாணல் மாதிரி காட்டுக் கரும்ப கலப்பு பண்ணி கோ 205ன்னு வெளிய விட்டாங்க, தாவரவியல் விஞ்ஞானி ஜானகி அம்மாள் அங்கதான் கரும்பு ஆராய்ச்சி பண்ணினாங்க. இன்னைக்கு தமிழ்நாடு, கர்நாடகா, மகாராஷ்டிரா மூணுலயும் அதிகமா நிக்கிற கோ 86032வும் அங்கேருந்து வந்ததுதான். அந்த ஸ்பைரல் புக்குல ரகத்த பத்தி "நல்ல தரமான வெதைக் கரும்பு"ன்னு மூணே வார்த்த. ஒரே ரகத்த நம்பி ஊரு பூரா போட்டா என்னாகும்னு உத்தரப்பிரதேசத்துல பாத்தாச்சு, கோ 0238ன்னு ஒரு அருமையான ரகம், அங்க பெரும்பகுதி நெலத்துல அதுதான், செவ்வழுகல் நோய் வந்ததும் ஏக்கர் ஏக்கரா போச்சு. செவ்வழுகல் வந்த கரும்ப நெடுக்கப் பொளந்து பாத்திருக்கீங்களா, உள்ள செவப்பா, நடு நடுவுல குறுக்க வெள்ளைத் திட்டா இருக்கும், புளிச்ச கள்ளு வாடை வரும். அந்த வாடை வந்த கொல்லையில எங்க அப்பா செருப்ப வெளியவே கழட்டிப் போட்டுட்டு வீட்டுக்கு நடந்து வருவாரு, மண்ணு ஒட்டிக்கிட்டு அடுத்த கொல்லைக்குப் போயிடக் கூடாதுன்னு.

புது ஆலைக்கு வெதை எப்படி வரும்ங்கிறதும் ஒரு கணக்கு. ஆறு ஏழு மாசத்து நாத்தங்கால் கரும்பு ஒரு ஏக்கர் வெட்டுனா எட்டுலேருந்து பத்து ஏக்கர் நடலாம். நூறு ஏக்கர் சுத்தமான வெதைல ஆரம்பிச்சா ஆயிரம், அதுலேருந்து பத்தாயிரம், அப்ப ரெண்டு சுத்து நாத்தங்கால், அதுக்கப்புறம் வெட்டுக்கு வர்ற பயிரு ஒரு வருஷம். ஒத்தைப் பரு நாத்த குழித்தட்டுல தென்னை நார்க் கழிவு போட்டு வளத்து ஒரு மாசத்துல எடுத்து நட்டா ஏக்கருக்கு அஞ்சாயிரம் நாத்து போதும், இன்னும் வேகமாப் பெருக்கலாம், அந்த வேலைய ஊர்ப் பொம்பளைங்க குழுவா சேர்ந்தே செய்றாங்க. எப்படிப் பாத்தாலும் முதல் மெஷின் ஆர்டர் போடுறதுக்கு முன்னாடியே முதல் கரணை மண்ணுக்குள்ள போயிருக்கணும். அரசாங்கத்துல தொழில் முனைவோர் பதிவு வாங்கி ஒரு கோடி ரூபா பேங்க் கேரண்டி குடுத்தா, ரெண்டு வருஷத்துக்குள்ள உருப்படியா வேலைய ஆரம்பிச்சு நாலு வருஷத்துக்குள்ள உற்பத்திக்கு வரணும்னு கெடு, இல்லன்னா அந்த ஒரு கோடி போயிடும். நாலு வருஷம் மெஷினுக்கு தாராளம். கரும்புக்கு அது கரெக்டா இருக்கும், அவ்வளவுதான்.

ஆலைய பத்தியும் கொஞ்சம் சொல்லிடுறேன், எனக்கு சோறு போடுற எடம் அது. 2500 டன் உள்ள வந்தா கத்தி, ஷ்ரெட்டர்ல நாரா கிழிஞ்சு, வரிசையா நிக்கிற மில்லுல பிழிஞ்சு, 750 டன் சக்கை தனியா பாய்லருக்குப் போகுது, அந்த நெருப்புலதான் மொத்த ஆலையும் ஓடுது, மிச்ச கரண்ட் கிரிட்டுக்குப் போகுது. சாறுல சுண்ணாம்பும் கந்தகப் புகையும் விட்டுத் தெளிய வெச்சு, சுண்ட வெச்சு, வேக்குவம் பான்ல மணி கட்ட வெக்கிறாங்க. பான்ல நிக்கிறவரு ஒரு சின்ன கண்ணாடித் துண்டுல பாக எடுத்து லைட்டுக்கு நேரா புடிச்சுப் பாப்பாரு, அந்த மணி எல்லாம் ஒரே சைஸா பளபளன்னு தெரியும்போது வாய்வார்த்தையா ஒண்ணும் சொல்ல மாட்டாரு, தலைய மட்டும் ஆட்டுவாரு. அந்தத் தலையாட்டல பாக்கத்தான் நான் இந்த வேலையில இருக்கேன். கடைசில 240, 250 டன் சர்க்கரை, நூறு டன் மொலாசஸ், அதுலேருந்து எத்தனால். எல்லாம் நல்லாத்தான் இருக்கு, கரும்பு வந்தா.

வண்டியும் ஆளும் பத்தி நான் சும்மா விட முடியாது. லோடுக்கு 16 டன்னுன்னு வெச்சா ஒரு நாளைக்கு 156 லோடு, ராத்திரி பகல் பாக்காம ஒம்போது நிமிஷத்துக்கு ஒரு வண்டி எடை மேடையில ஏறணும். ஒரு ஆள் ஒரு நாளைக்கு ஒண்ணு ஒண்ணரை டன் வெட்டுவாங்க, அப்ப ரெண்டாயிரம் பேரு தெனமும் வயல்ல நிக்கணும். பாகல்கோட் பக்கம் நெறைய பேரு மகாராஷ்டிராவுல பீட் பக்கத்துலேருந்து வர்றாங்க, புருஷன் பொண்டாட்டி சேந்து ஒரு ஜோடி, அந்த ஜோடிக்குப் பேரே கொய்த்தா, அரிவாளோட பேருதான் அவங்களுக்கும். ஆள் புடிச்சுக் கொண்டார்ற முக்காதம்கிட்ட முன்பணம் வாங்கிட்டு ஆறு மாசம் டெண்ட்ல கெடக்காங்க. 2019ல பீட் மாவட்டத்துல கரும்பு வெட்டப் போற பொம்பளைங்கள்ல எத்தனை பேரு சின்ன வயசுலயே கர்ப்பப்பைய எடுத்துக்கிட்டாங்கன்னு செய்தி வந்து மகாராஷ்டிரா அரசு விசாரணைக் குழு போட்டுச்சு. மாதவிலக்கு நேரத்துல ஒரு நாள் லீவு போட்டா கூலி போகுதுன்னு பயந்து. நான் சித்தப்பாகிட்ட தெளிவா சொல்லிட்டேன், ஆலை லேஅவுட்ல கெஸ்ட் ஹவுஸ் வரைஞ்சிருக்கீங்க, மொதல்ல அத எடுத்துட்டு வெட்டு ஆளுங்களுக்கு தண்ணி, கக்கூஸ், புள்ளைங்களுக்கு ஸ்கூல் ரூம் வரைங்க, இல்லன்னா அந்த டிராயிங்க நான் தொட மாட்டேன்.

மண்டியாவுலேருந்து திரும்புற வழியில ஒரு ஆலெமனேல நிறுத்தினோம், வெல்லம் காய்ச்சுற எடம். பெரிய கொப்பரை, அடியில சக்கை எரியுது, சாறு கொதிக்க கொதிக்க வெண்டைச் செடி தண்டு நசுக்குன தண்ணிய ஊத்துறாங்க, அழுக்கு எல்லாம் நுரையா மேல வந்து கட்டுது, ஒரு பெரியவரு நீளக் கரண்டியால அத ஒதுக்கி ஒதுக்கி எடுக்கிறாரு. ரெண்டு பேருக்கும் சூடா வெல்லம் குடுத்தாரு. பக்கத்துல ஆலை இருக்கும்போது கரும்ப ஏன் இங்க கொண்டாறாங்கன்னு கேட்டேன். "துட்டு ஆவத்தே கைகெ பருத்தே"ன்னாரு. அன்னைக்கே காசு கைக்கு வந்துடும்னு. சித்தப்பாவுக்கு கன்னடம் என்ன விட நல்லா வரும், நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கல. கார்ல ஏறி ராமநகரம் வர்ற வரைக்கும் அவரு பேசல.

அந்தக் காசு விஷயத்த நான் ஏன் இவ்வளவு அழுத்தி சொல்றேன்னா, எங்க வீட்டுல நடந்தது. நான் பிளஸ் டூ படிச்சப்போ எங்க கரும்பு பதிவாகி, பத்து மாசம் முடிஞ்சு, வெட்டு ஆர்டர் வரல. அப்பா தெனமும் சைக்கிள்ல ஆலையோட டிவிஷன் ஆபீஸ் போவாரு, அடுத்த வாரம்பாங்க. பதிமூணாவது மாசம் கரும்பு பூ எடுத்துடுச்சு, தூரத்துலேருந்து பாக்க வெள்ளி மாதிரி அவ்வளவு அழகா இருக்கும், அப்பா அதப் பாத்துட்டு வரப்புலயே உக்காந்துட்டாரு. பூ வந்தா உள்ள நெட்டி பாஞ்சு எடை விட்டுடும். நூறு டன்னுக்கு மேல நிக்கும்னு எதிர்பாத்தது எடை மேடையில எழுபத்தி சொச்சம். அதுக்கும் காசு உடனே வரல, பதினாலு மாசம் கழிச்சு மூணு தவணையா வந்துச்சு. என் காலேஜ் ஃபீஸுக்கு அம்மா செயின் அடகுக்குப் போச்சு. சட்டப்படி கரும்பு குடுத்த 14 நாள்ல காசு குடுக்கணும், தாண்டுனா வருஷத்துக்கு 15 சதவீதம் வட்டி. எங்க ஊர்ல அந்த வட்டிய வாங்குன ஒருத்தரையும் நான் பாத்ததில்ல. அந்த மறுதாம்புக்கு அப்புறம் அப்பா கரும்பே போடல. அவரு மட்டுமில்ல, எங்க தெருவே சவுக்குக்கும் நெல்லுக்கும் மாறிடுச்சு, அப்புறம் அந்த ஆலை கரும்பு இல்லன்னு சொல்லுச்சு.

இதுல ஆலைக்காரங்க கஷ்டமும் எனக்குத் தெரியும், தெரியாத மாதிரி பேச மாட்டேன். 2025-26 சீசனுக்கு மத்திய அரசு வெச்ச விலை குவிண்டாலுக்கு 355 ரூபா, 10.25 சதவீத ரெக்கவரிக்கு, அதாவது நூறு கிலோ கரும்புல 10.25 கிலோ சர்க்கரை கெடைச்சா. டன்னுக்கு 3,550. ஒரு நாளைக்கு 2500 டன்னுன்னா 88 லட்சத்துக்கும் மேல, 150 நாளைக்கு 133 கோடி. இத அஞ்சு மாசத்துல குடுத்து முடிக்கணும். ஆனா சர்க்கரைய அஞ்சு மாசத்துல விக்க முடியாது, 2018லேருந்து எந்த மாசம் எவ்வளவு விக்கலாம்னு அரசாங்கம் கோட்டா போடுது, வருஷம் பூரா கொஞ்சம் கொஞ்சமாத்தான் காசு வரும். சர்க்கரைக்கு குறைஞ்சபட்ச விலைன்னு 2019 பிப்ரவரில கிலோ 31 ரூபா ஆக்குனாங்க, அப்ப கரும்பு விலை குவிண்டாலுக்கு 275. அப்புறம் கரும்பு விலை ஏறிக்கிட்டே போச்சு, அந்த 31 ரொம்ப வருஷம் அங்கயே நின்னுச்சு. 31 ரூபாய்க்கு வித்தா ஒரு டன் கரும்புலேருந்து வர்ற சர்க்கரைக்கு 3,200 கூட தேறாது. மார்க்கெட்ல கூட விக்கிறதுனாலயும் எத்தனாலும் கரண்டும் கை குடுக்கிறதுனாலயும்தான் ஓடுது. அப்ப ஒரு கெட்ட வருஷம் வந்தா மொத அடி யாருக்கு விழும்? பேங்க்காரன் விட மாட்டான், மெஷின் குடுத்தவன் விட மாட்டான், கரண்ட் பில்லு நிக்காது. காத்திருக்கிறவன் விவசாயி ஒருத்தன்தான், அவன் தலையிலதான் கட்டுவாங்க. மகாராஷ்டிராவுல பிரவரா பக்கம் லோணில விட்டல்ராவ் விக்கே பாட்டில் 1950ல ஓட வெச்ச கூட்டுறவு ஆலைல விவசாயிங்களே பங்குதாரரா இருந்தாங்க, அந்த யோசனைக்கு இருந்த பலம் அதுதான், காசு வாங்குறவனும் குடுக்கிற எடத்துல உக்காந்திருந்தான்.

அன்னைக்கு ராத்திரி வீட்டுக்கு வந்து அப்பாவுக்கு போன் போட்டு ஸ்பீக்கர்ல வெச்சேன். சித்தப்பா எல்லாத்தையும் சொன்னாரு, வட்டம், தண்ணி, நாத்தங்கால் எல்லாம். அப்பா நடுவுல ஒண்ணும் பேசல. முடிச்சதும் கேட்டாரு, "ஏம்ப்பா, மொத லோடு எறக்குனவனுக்கு பதினாலாம் நாள் குடுக்கிற காசு, அது இப்ப எங்க இருக்குது?" சித்தப்பா, "அண்ணே, அது சர்க்கரை வித்ததும்…"ன்னு ஆரம்பிச்சாரு. "சர்க்கரை விக்கிறதுக்கு முன்னாடிப்பா, இப்ப எங்க இருக்குது?"ன்னு மறுபடியும் அப்பா.

அதுக்கப்புறம் சித்தப்பா பார்ட்னருங்களோட பேசுனாரு. முப்பது நாள் கரும்புக் காச, 26 கோடி சொச்சம், மெஷினுக்கு அட்வான்ஸ் குடுக்கிறதுக்கு முன்னாடி தனிக் கணக்குல போட்டு வெக்கணும்னு. நாலு பேருல ரெண்டு பேரு அவ்வளவு காச சும்மா தூங்க விட முடியாதுன்னுட்டாங்க, இன்னும் பேச்சு முடியல. உள் பக்கத்து எடத்துக்கு அட்வான்ஸ் குடுக்காம நிறுத்தி வெச்சிருக்காரு, அதுல எனக்கு நிம்மதி. மொதல்ல ஆத்துக்குப் பக்கமா நாப்பது ஏக்கர் குத்தகைக்கு எடுத்து சொட்டுநீர் போட்டு நாத்தங்கால் போடலாமா, ஒரு வருஷம் அந்த மண்ணும் தண்ணியும் எப்படி இருக்குன்னு பாக்கலாமான்னு கேக்கிறாரு. பாகல்கோட், ஜமகண்டி, முதோள் பக்கம் கரும்பு போட்டிருக்கிறவங்க, இல்ல அங்க வேலை பாக்கிறவங்க யாராவது இத படிச்சா, உங்க போர் இப்ப எத்தனை அடியில இருக்கு, ஏப்ரல் மே மாசத்துல எத்தனை மணி நேரம் தண்ணி எடுக்குது, போன சீசன் காசு எத்தனாவது நாள் வந்துச்சு, இந்த மூணையும் எனக்கு எழுதுங்க, ரொம்ப உதவியா இருக்கும்.

வர்ற வெள்ளிக்கிழமை ராத்திரி ட்ரெயின்ல கெளம்புறோம், அப்பாவும் ஊர்லேருந்து வந்து சேந்துக்கிறாரு. ரிஃப்ராக்டோமீட்டர் எடுத்துக்கட்டுமா, மண்ணு பரிசோதனைக்கு கவர் எடுத்துக்கட்டுமான்னு அப்பாகிட்ட கேட்டேன். "அதெல்லாம் நீ எடுத்துக்க பாப்பா, அங்க கெணறு இருக்குமில்ல, கல்லு கட்டி எறக்கிப் பாக்க கயிறு நான் கொண்டாறேன்"னாரு.